இரணைமடுவின் வெள்ளமும் காப்புறுதியும்: ஆபத்துப் பங்கீட்டின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1

2018 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மூன்றாம் வாரத்தின் இறுதியில் வன்னிப் பெருநிலப்பரப்பிற் பெய்த பெருமழையால் இரணைமடுக் குளம் நிரம்பியது, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆற்றின் வழியே பாய்ந்த வெள்ளம் முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்துத் தாழ்நிலங்களை மூடிக்கொண்டு சுண்டிக்குளம் கடனீரேரியை நோக்கிச் சென்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தன. வெள்ளம் வடிந்த பின்னர், வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வினா எழுந்தது. அதனை ஆராயக் குழுவொன்றும் நியமிக்கப்பட்டது.

மழை காரணமா, கதவு காரணமா என்ற விவாதம் அக்காலத்துப் பத்திரிகைகளில் விரிவாக இடம்பெற்றது. ஆயினும் அவ்விவாதத்தில் மூன்றாவது வினாவொன்று பெரும்பாலும் எழவில்லை. இத்தகைய அழிவின் சுமையை யார் தாங்குகின்றனர், எந்த ஏற்பாட்டின் கீழ்த் தாங்குகின்றனர், அவ்வேற்பாடு எக்காலத்தில், எவ்வாறு உருவாயிற்று என்பதே அவ்வினா. இன்றைய மொழியில் இதனைக் காப்புறுதி பற்றிய வினா எனலாம்.

உலகின் கடற்கரைகளெங்கும் வீட்டுக் காப்புறுதியினதும் வெள்ளக் காப்புறுதியினதும் கட்டுப்பணம் உயர்ந்து வருகின்றது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1992 ஆம் ஆண்டு வீசிய அன்ட்ரூ சூறாவளியின் பின்னர்க் காப்புறுதிக் கம்பனிகள் சில முறிந்தன. வேறு சில அம்மாநிலத்தை விட்டு விலகத் தொடங்கின. அந்நாட்டில் 1968 முதல் இயங்கிவரும் அரசாங்க வெள்ளக் காப்புறுதித் திட்டம், ஒவ்வொரு வீட்டினதும் ஆபத்தைத் தனித்தனியே கணித்து விலையிடும் புதிய முறையை 2021 இல் மேற்கொண்டது. பலருக்குக் கட்டுப்பணம் கூடியது. பிரித்தானியாவில் 2016 முதல், எல்லாக் காப்புறுதிக் கம்பனிகளிடமும் அறவிடப்படும் தீர்வையைக் கொண்டு வெள்ளப் பகுதி வீடுகளின் கட்டுப்பணம் தாங்கிக்கொள்ளப்படுகின்றது.

கூரைத் தகரமும் மண்சுவரும் கொண்ட வீட்டிற் குடியிருக்கும் கண்டாவளைக் கூலித் தொழிலாளிக்கு இச்செய்திகள் அந்நியமானவையாகத் தோன்றலாம். அவர் கட்டுப்பணம் கட்டுபவரல்லர். எந்தக் கம்பனியும் அவரைத் தேடி வருவதுமில்லை. எனினும் அவரும் காப்புறுதியின் வரலாற்றுக்கு வெளியே நிற்பவரல்லர். இரணைமடுவின் கீழ் ஆபத்து எவ்வாறு பங்கிடப்பட்டு வந்துள்ளது என்பதை நோக்கின், உழைப்பாகவும் பின்னர் அரசாங்கக் கடமையாகவும் அதன்பின் உலகச் சந்தைப் பண்டமாகவும் காப்பு உருமாறியிருப்பதைக் காணலாம். இம்மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் மிகப் பெரிய சுமை, ஆபத்தைத் தோற்றுவிப்பதில் மிகக் குறைந்த பங்குடையோர்மீதே இறங்கியுள்ளது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இலக்கிய மாணவன் என்ற முறையில் நன்கறியப்பட்ட புராணக் கதையொன்றிலிருந்து தொடங்குதல் பொருந்தும். மதுரையில் வையை பெருக்கெடுத்தபோது பாண்டியன் நகர மாந்தர் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு பங்கை அளந்து கொடுத்து அடைக்கும்படி பணித்தான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்கு ஆளில்லை, கூலிக்கு ஆள்பிடிக்கப் பொருளுமில்லை. இறைவன் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றான். வேலை செய்யாது உறங்கினான். அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி எல்லோர் முதுகிலும் பட்டது. திருவிளையாடற் புராணத்தில் இடம்பெறும் இக்கதை திருவாதவூரடிகள் புராணத்திலும் உண்டு. ஈழத்துச் சைவக் கோயில்களில் மார்கழி மாதத்துத் திருவெம்பாவைக் காலத்தில் அப்புராணம் படித்துப் பயன்சொல்லப்படுவது வழக்கம். வன்னியில் வெள்ளம் வரும் காலமும் மார்கழியே. 2018 ஆம் ஆண்டு வெள்ளமும் திருவெம்பாவை நாட்களிலேயே வந்தது.

சமய நோக்கில் இக்கதை இறைவனின் எளிமையைப் புலப்படுத்துவது. சமூக வரலாற்று நோக்கில் அது வேறொன்றையும் புலப்படுத்துகின்றது. நாணயத்தாலன்றி உழைப்பாற் செலுத்தப்படும் கட்டுப்பணம் ஒன்றனை நாம் இங்குக் காண்கின்றோம். கரை உடையின் எல்லோருக்கும் நட்டம். ஆகவே எல்லோரும் கரையைக் கட்டவேண்டும் என்பது அதன் நியாயம். இந்நியாயத்திற் பிழையில்லை. பங்கு அளக்கப்பட்ட முறையிலேதான் பிழை உள்ளது. பல ஆள்களையும் மாடுகளையும் உடைய செல்வனுக்கும் ஆளற்ற கிழவிக்கும் ஆளுக்கொரு பங்கு என்பது சமத்துவம் போலத் தோன்றும் ஏற்றத்தாழ்வு. வந்தியின் வீட்டில் வையை கொண்டு போவதற்கு என்ன இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. கதை இம்முரண்பாட்டைத் தெய்வச் செயலால் தீர்க்கின்றது. அவ்வாறன்றித் தீர்ப்பதற்குரிய சமூகச் சக்தி அக்காலத்தில் உருவாகியிருக்கவில்லை. ஆயினும் ஒருவன்மீது விழுந்த அடி எல்லோர் மேலும் பட்டது என்ற கற்பனை, ஆபத்து பொதுவானது என்ற மக்கள் உணர்வின் கலைவடிவம் என்பது மனங்கொளத்தக்கது.

இதனோடு பள்ளுப் பிரபந்தங்களையும் ஒப்புநோக்கலாம். பள்ளு நூல்களில் ஆற்று வெள்ளம் மகிழ்ச்சிக்குரிய வருணனை. மழைக்குறி கண்டு பள்ளர் ஆடிப்பாடுவர். வெள்ளம் மலைபடு பொருள்களையும் மீன்களையும் அடித்துக்கொண்டு வரும். பின் உழவு தொடங்கும். வயலை நனைக்கும் வெள்ளம் வளமாகவும் குடிசையை நனைக்கும் வெள்ளம் அழிவாகவும் இருப்பதை நாம் அறிவோம். பள்ளுப் புலவர் பெரும்பாலும் முதலாவதையே பாடினர். நிலம் பண்ணையாருக்கும் தலத்து இறைவனுக்கும் உரியதாகக் காட்டப்படும் அவ்விலக்கியத்தில், பள்ளனின் குடிசை எங்கே இருந்தது, வெள்ளத்தின்போது அதற்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இடமிருக்கவில்லை.

3

குளக்கட்டைப் பேணும் உழைப்பு புராணத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்திற் குடிமராமத்து என வழங்கிய முறையும், இலங்கையின் உலர்வலயக் கிராமங்களிற் கட்டுக்கு மண்ணிடுதல், வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றைக் குடிகள் பகிர்ந்து செய்த வழக்கமும் இத்தன்மையனவே. குடியேற்ற ஆட்சியினர் இவ்வழக்கங்களை இருவேறு வகையிற் கையாண்டனர். இலங்கையில் 1832 ஆம் ஆண்டு இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு நீங்கியது முற்போக்கான மாற்றமே. ஆனால் குளங்களைப் பேணுவதற்கு அதனிடத்தில் வேறோர் ஏற்பாடு செய்யப்படவில்லை. குளங்கள் மேலும் சிதைந்த பின்னரே, கிராம வழக்குகளை மீட்டு அவற்றுக்குச் சட்டவலிமை அளிக்கும் நீர்ப்பாசனச் சட்டம் 1856 இல் வந்தது. சென்னை மாகாணத்திலோ 1858 ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து நேரும்போது குடிகளை வேலைக்கு அழைக்கும் அதிகாரத்தை அரசாங்க அலுவலரிடம் ஒப்படைத்தது. ஊரவையின் கடமையாக இருந்தது அரசாங்கத்தின் ஆணையாயிற்று.

வன்னியில் இம்மாற்றம் மேலும் கூர்மையாக நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னி, காடு மூடிய குளங்களும் காய்ச்சலால் நலிந்த சிற்றூர்களும் கொண்ட நாடாக இருந்தது. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய நூல் இந்நிலையை ஆவணப்படுத்தியுள்ளது. கனகராயன் ஆற்றை மறித்துப் பெருங்குளம் ஒன்றை அமைக்கும் திட்டத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வகுத்தார். வேலை இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களில் நடைபெற்றது. இரணை என்பது இரட்டை எனப் பொருள்படும். அருகருகே அமைந்த இரு நீர்நிலைகளே ஒரு குளமாயின என்பது பெயரின் விளக்கம். பின்னர் 1950களிலும் 1970களிலும் கட்டு உயர்த்தப்பட்டுக் கொள்ளளவு பெருக்கப்பட்டது.

ஊர்க்குளத்துக்கும் இரணைமடுவுக்கும் உள்ள வேறுபாடு அளவு மட்டுமன்று. ஊர்க்குளத்தின் கட்டு உடையும் நிலையில் இருக்கின்றதா என்பதை அதன்கீழ் வாழ்பவர் கண்ணாற் கண்டறிவர், மண்வெட்டியோடு ஓடுவர். இரணைமடுவின் கதவு எப்பொழுது, எவ்வளவு திறக்கப்படும் என்பது திணைக்களத்தின் தீர்மானம். கீழே வாழ்பவரின் உழைப்புக்கு அங்கு இடமில்லை. ஆகவே அவரது குரலுக்கும் இடமில்லாமற் போயிற்று. உழைப்பாகச் செலுத்திய பங்கு சுமையாக இருந்தது உண்மை. ஆயினும் அதனோடு கரைமீது நிற்கும் உரிமையும் சேர்ந்திருந்தது. சுமை நீங்கியபோது உரிமையும் நீங்கியது.

4

ஆபத்து இயற்கையின் செயல் மட்டுமன்று என்பதற்கு இரணைமடுவின் கீழ் நிலம் பங்கிடப்பட்ட வரலாறு சிறந்த சான்றாகும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னணியில், 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிப்பது அதன் நோக்கம். குடியேறியவர்களுக்கு நீர்ப்பாசன வசதியுள்ள வயலும் வீடு கட்டுவதற்கு மேட்டுக்காணியும் அனுமதிப்பத்திரத்தின் பேரில் வழங்கப்பட்டன. வயல் தாழ்விலும் வீடு மேட்டிலும் என்ற இவ்வேற்பாடு சாதாரண அறிவிற்குட்பட்டது; அதுவே வெள்ளத்துக்கு எதிரான முதற் காப்புறுதியும் ஆகும்.

பிற்காலத்தில் வந்தவர்களுக்கு இவ்வேற்பாடு கிட்டவில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இன வன்செயல்களால் விரட்டப்பட்ட மலையகத் தமிழ் மக்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தனர். தோட்டத்தில் நிலமற்ற தொழிலாளராக இருந்தவர்கள் வன்னியிலும் பெரும்பாலும் நிலமற்ற கூலி விவசாயிகளாகவே ஆயினர். காட்டு ஓரத்திலும் ஆற்று ஓரத்திலும் வாய்க்காற் கரையிலும் கிடைத்த இடத்திற் குடிசை போட்டவர்கள் பலர். இவர்களோடு குடாநாட்டிலிருந்து நிலமின்றி வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரையும், குடியேற்றவாசிகளின் இரண்டாம் மூன்றாம் தலைமுறையினருட் காணி கிடைக்காதோரையும் சேர்த்து நோக்கவேண்டும். சட்டம் குடியேற்றக் காணியைத் துண்டாட இடமளிக்கவில்லை. ஒரு பிள்ளைக்கே அது வழிவழியாகச் செல்லும் நிலையில், ஏனையோர் எஞ்சிய நிலத்தைத் தேடினர். அவ்வாறு எஞ்சியிருந்த நிலம் தாழ்நிலமே.

ஆகவே, வெள்ளப்பகுதி என இன்று வரைபடத்தில் நிறந்தீட்டிக் காட்டப்படும் இடத்திற்கு மக்கள் விரும்பிச் சென்றனர் எனக் கொள்ளுதல் வரலாற்றை மறுப்பதாகும். உயர்ந்த கட்டுப்பணம் மக்களை ஆபத்தான இடத்திற் கட்டாதபடி எச்சரிக்கும் என்பது சந்தைப் பொருளியலாளரின் வாதம். கடற்காட்சிக்காகக் கரையோரத்தில் மாளிகை எழுப்பும் செல்வந்தரைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. வேறிடம் இல்லாதவனுக்கு விலை எச்சரிக்கை ஆகாது. அது தண்டனையாகவே அமையும்.

5

சுதந்திரத்தின் பின்னர் அரசாங்கமே காப்பளிக்கும் பொறுப்பை ஏற்க முன்வந்தது. 1958 இல் நெற்காணிச் சட்டம் வந்த அதே ஆண்டில் நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1961 இல் பயிர்க் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே காப்புறுதிக் கூட்டுத்தாபனச் சட்டமும் நிறைவேற, அதுவரை பெரும்பாலும் அந்நியக் கம்பனிகளின் கையிலிருந்த காப்புறுதித் தொழில் படிப்படியாக அரசுடைமையாயிற்று. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கமக் காப்புறுதிச் சபை அமைந்தது. அயனமண்டல நாடுகளில் இத்துணை முற்பட்டு நெற்பயிர்க் காப்புறுதியை மேற்கொண்டவை மிகச் சிலவே.

இம்முயற்சியின் முற்போக்குத் தன்மையை மறுத்தல் பொருந்தாது. சமூக உற்பத்தியின் ஒரு பகுதியை, அது தனிமனிதர் நுகர்வுக்குப் பங்கிடப்படுவதற்கு முன்னரே, விபத்துக்கும் இயற்கை அழிவுக்குமென ஒதுக்கிவைக்க வேண்டும் என மார்க்ஸ் 1875 இல் எழுதிய கோதா வேலைத்திட்ட விமர்சனத்திற் குறிப்பிட்டார். எந்தச் சமூக அமைப்பிலும் காப்பு நிதி தேவை. ஆனால் அது எவ்வாறு திரட்டப்படுகின்றது, எவரின் கட்டுப்பாட்டில் உள்ளது என்பவற்றை அவ்வமைப்பின் உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்து. 1958க்கும் 1973க்கும் இடைப்பட்ட சட்டங்கள் இத்தகைய பொதுநிதியை நோக்கி எடுத்துவைக்கப்பட்ட அடிகள் எனலாம்.

ஆயினும் அவற்றின் எல்லையும் தெளிவானது. காக்கப்பட்டது பயிர், பயிரிட்ட கையன்று. பயிர்க் காப்புறுதி நடைமுறையிற் பயிர்ச்செய்கைக் கடனோடு நெருங்கிப் பிணைந்திருந்தது. நட்டஈடு கிடைத்தவிடத்து அதன் முதற்பயனை அடைந்தது பெரும்பாலும் கடன்கொடுத்த வங்கியே. காணியின் அனுமதிப்பத்திரத்தில் எவருடைய பெயர் இருந்ததோ அவரே கமக்காரர். அருவி வெட்டக் காத்திருந்த கூலியாளுக்கு, வயல் நீரில் மூழ்கியதும் அப்போகத்தின் வேலையே இல்லாமற் போகின்றது. அவர் இழந்த நாட்கூலி எந்தப் பத்திரத்திலும் இழப்பாகப் பதிவாவதில்லை. 2018 ஆம் ஆண்டு முதல் நெல் உள்ளிட்ட ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை கட்டுப்பணமின்றிக் காப்பளிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோதும், அலகு ஏக்கராகவே இருந்தது. ஏக்கரில்லாதவர் கணக்கில் வரவில்லை.

6

போர்க்காலம் இவ்வேற்பாடுகள் அனைத்தையும் வன்னியிற் செயலற்றனவாக்கியது. 2008 நவம்பர் இறுதியில் நிஷா புயலின் மழை கொட்டியபோது, கிளிநொச்சியின் கிழக்கே தருமபுரம், விசுவமடுப் பகுதிகளில் இடம்பெயர்ந்த மக்கள் தறப்பாள் கூடாரங்களில் இருந்தனர். போரும் வெள்ளமும் ஒரே வேளையில் வந்த அந்நாட்களிற் காப்புறுதி என்ற சொல்லுக்கே பொருளில்லை. 2009க்குப் பின் மீள்குடியேறியவர்களுட் பலரிடம் அனுமதிப்பத்திரங்கள் இல்லை. அவை போரில் அழிந்திருந்தன அல்லது ஒருபோதும் வழங்கப்பட்டிருக்கவில்லை. காணிக்கு ஆவணம் இல்லாத இடத்தில் வங்கிக் கடனுமில்லை, வீட்டுக் காப்புறுதியுமில்லை.

இந்நிலையில் 2016 ஏப்பிரலில் நாடளாவிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினூடாக நடைமுறைக்கு வந்தது. வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபா வரையும், உயிரிழப்புக்கு ஓர் இலட்சம் ரூபாவும் வழங்குவதாக அது கூறியது. தனியாள் கட்டுப்பணம் செலுத்த வேண்டியதில்லை, திறைசேரியே செலுத்தும். நிதியம் தன் ஆபத்தை உலக மீள்காப்புறுதிச் சந்தையிற் பகிர்ந்துகொள்ளும்.

மீள்காப்புறுதி என்பது காப்புறுதிக் கம்பனிகள் தமக்குத் தாமே எடுத்துக்கொள்ளும் காப்புறுதி. அதன் வரலாறும் அழிவுகளின் வரலாறே. 1861 இல் சுவிற்சர்லாந்தின் கிளாரஸ் நகரம் தீக்கிரையானதன் விளைவாக 1863 இல் சூரிச் நகரில் ஒரு மீள்காப்புறுதி நிறுவனம் தோன்றியது. 1880 இல் மியூனிச்சில் மற்றொன்று தோன்றியது. ஒரு நகரத்தின் தீ, ஒரு நாட்டின் கம்பனிகளால் தாங்கமுடியாதது; ஆகவே உலகளவில் அதனைப் பரப்பவேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. ஆபத்தைப் பரப்புதல் என்ற இக்கருத்து வையைக் கரையிற் பங்கு பிரித்ததன் உலகளாவிய வளர்ச்சியே. பங்கைத் தீர்மானிப்பவர் மட்டும் மாறியுள்ளார்.

2016 ஆம் ஆண்டு 1,000 கோடி ரூபாக் காப்புக்கு அரசாங்கம் 30 கோடி ரூபா கட்டுப்பணம் செலுத்தியது. அடுத்த மாதமே, மே மாதத்தில், களனி கங்கை பெருக்கெடுத்தது. அரநாயக்கவில் மண் சரிந்தது. பெருந்தொகை நட்டஈடாகக் கோரப்பட்டது. 2017 இல் 1,500 கோடி ரூபாக் காப்புக்குக் கட்டுப்பணம் 50 கோடி ரூபாவாயிற்று. காப்பின் அளவு ஒன்றரை மடங்காகியபோது விலை ஒன்றரை மடங்கைத் தாண்டியது. நூறு ரூபாக் காப்புக்கு மூன்று ரூபாவாக இருந்தது மூன்று ரூபா முப்பத்துமூன்று சதமாயிற்று. உயர்வு சிறிதுபோலத் தோன்றினும் அதன் போக்கு கவனிக்கற்பாலது. அழிவு அடிக்கடி நேரும் நாடு அதிகம் செலுத்த வேண்டும். அதிகம் செலுத்த முடியாத நாடு குறைந்த காப்போடு அமைய வேண்டும். 2022 இல் புளோரிடாவைத் தாக்கிய இயன் சூறாவளியின் பின்னர், 2023 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலக மீள்காப்புறுதி விலைகள் வெகுவாக ஏறின. அதே காலத்தில் இலங்கை ரூபா 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் வீழ்ந்திருந்தது. புளோரிடாவின் மாளிகைகளை அழித்த காற்று, அந்நிய செலாவணியில் விலை கொடுக்கும் ஏழை நாட்டின் காப்பையும் அரிக்க வல்லதாயிற்று.

திறைசேரி செலுத்துவதால் ஏழைக்குச் செலவில்லை எனக் கருதுவதும் தவறு. இலங்கை அரசாங்கத்தின் வரி வருமானத்திற் பெரும்பங்கு மறைமுக வரிகளாலானது. கடையிற் சீனியும் சவர்க்காரமும் வாங்கும்போது கண்டாவளைக் கூலித் தொழிலாளியும் அக்கட்டுப்பணத்தில் ஒரு பங்கைச் செலுத்துகின்றார். ஆனால் நட்டஈடு அழிந்த சொத்தின் பெறுமதிப்படி மதிப்பிடப்படுகின்றது. கல்வீட்டுக்கு ஒரு தொகை, தகரக் கொட்டிலுக்கு வேறொரு தொகை. குறைந்த பெறுமதியுள்ள வீட்டை இழந்தவர் குறைவாக இழந்தவர் என்பது காப்புறுதிக் கணக்கு. அவர் இழந்தது தம்மிடமிருந்த அனைத்தையும் என்பதை அக்கணக்கு அறியாது. வந்தியின் பங்கு அளக்கப்பட்ட முறை இங்கு மீண்டும் வருவதை வாசகர் உணர்வர்.

7

இவ்விடத்தில் இரணைமடுவின் உள்முரண்பாட்டை நோக்குதல் அவசியம். குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு. காலபோகம் பெரும்பாலும் மழையோடு அமையும். சிறுபோகமோ முற்றிலும் குளத்து நீரை நம்பியது. மாரி முடிவிற் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கின்றதோ அதற்கேற்பவே சிறுபோகத்திற் பயிரிடப்படும் பரப்பு தீர்மானிக்கப்படும். எனவே மார்கழியிற் குளம் நிறைந்து நிற்பது கமக்காரருக்குக் காப்புறுதி. வரட்சிக்கு எதிராக அவர் வைத்திருக்கும் ஒரே சேமிப்பு அந்நீரே.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்பவருக்கு அதே நீர் வேறு பொருள் தருகின்றது. நிறைந்த குளத்தின்மேல் மேலும் ஒரு பெருமழை பெய்யின் வந்த நீரெல்லாம் வான்கதவுகளைக் கடந்து அவரின் முற்றத்துக்கே வரும். குளத்தில் வெற்றிடம் இருப்பதே அவருக்குக் காப்பு. ஒருவருக்குக் காப்பாக இருக்கும் நீரே மற்றவருக்கு ஆபத்தாக அமைகின்றது. பன்னாட்டுக் கடனுதவியுடன் மேற்கொள்ளப்பட்டு 2018 இல் நிறைவெய்திய புனரமைப்பில் கட்டு மீண்டும் உயர்த்தப்பட்டு, கொள்ளளவு பெருக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டத்தோடு இது இணைத்துப் பேசப்பட்டபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். நீரை யார் பெறுவது என்ற அவ்விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. வெள்ளத்தை யார் பெறுவது என்ற விவாதம் அதற்கு இணையாக நடைபெறவில்லை.

கமக்காரரைக் குற்றவாளியாக்குவது இதன் கருத்தன்று. கமக்காரரும் ஒரே வர்க்கத்தினரல்லர். பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவரும், உரத்துக்கும் உழவு இயந்திரத்துக்கும் கடன்பட்டிருப்பவரும் அவர்களுள் உள்ளனர். சிறுபோகம் பொய்த்தால் அவர்களும் வீழ்வர். இரு சாரார் ஏழைகளின் காப்பையும் ஒரே நீரின்மீது ஏற்றி, ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்தியிருப்பதே இவ்வமைப்பின் இயல்பு. போகக் கூட்டத்தில் நெற்காணியுடையோருக்கு இடமுண்டு. திணைக்கள அலுவலருக்கு இடமுண்டு. மாவட்ட நிருவாகத்துக்கு இடமுண்டு. ஆற்றோரத்துக் குடிசைவாசி அக்கூட்டத்தின் உறுப்பினரல்லர். நீர் வந்த பின்னர், நிவாரண வரிசையிலேயே அவர் பெயர் முதன்முதலாக எழுதப்படுகின்றது.

8

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிபுகளைப் பெறலாம்.

கட்டுப்பணம் ஏறுகின்றது என்பது நோயின் ஓர் அறிகுறி. அதனைக் குறைக்கவேண்டும் என்று கேட்பதோடு நிற்பின், ஆபத்து எவ்வாறு உண்டாக்கப்படுகின்றது என்ற வினா மறைந்துவிடும். இரணைமடுவின் கீழ் ஆபத்தை உண்டாக்குபவை மூன்று: காணிப் பங்கீடு, கட்டின் உயரம், கதவின் நேரம். இம்மூன்றும் மனிதர் தீர்மானங்கள். ஆகவே இவற்றை மாற்றுதலும் மனிதரால் இயலும்.

மாரிக்காலத்தில் வெள்ளத்தை ஏற்பதற்கென இரணைமடுவில் ஒரு குறித்த அளவு வெற்றிடம் பேணப்படலாம். அதனாற் சிறுபோகத்தில் ஒரு பகுதி பயிரிடப்படாது போயின், அக்கமக்காரருக்கு அரசாங்கம் நட்டஈடு கொடுக்கலாம். உலகச் சந்தைக்குச் செலுத்தப்படும் கட்டுப்பணத்தோடு ஒப்பிடத்தக்க மற்றொரு கட்டுப்பணம் இது. ஆனால் வெள்ளம் வந்த பின்னர் வீட்டின் விலையைத் தருவதற்குப் பதிலாக, வெள்ளம் வீட்டுக்கு வராமற் காப்பது. கமக்காரரையும் குடிசைவாசியையும் எதிரெதிரே நிறுத்தாது ஒரே காப்பினுள் கொணர்வதும் இத்தகைய ஏற்பாடே. இதனோடு போகக் கூட்டத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதி மக்களுக்கு இடமளித்தலும், நிலமற்றோருக்கு மேட்டுக்காணியும் அதற்குரிய ஆவணமும் வழங்குதலும் சேரவேண்டும். இவையின்றி எந்தக் காப்புறுதியும் வந்திக்குப் பிட்டு உதிர்த்துக் கொடுப்பதாகவே முடியும்.

இதற்கு எதிராக ஒன்று கூறப்படலாம். காலநிலை மாற்றத்தால் மழையின் போக்கே மாறிவரும்போது ஒரு குளத்தின் கதவைப் பற்றிப் பேசுவதாற் பயனென்ன என்று கேட்கலாம். 2020 டிசம்பரில் புரேவி புயல் முல்லைத்தீவுக் கரையை அண்மித்து வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் தீவெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை கூடுமென்பது உண்மையாயின், அம்மழையை யார் தலையில் இறக்குவது என்ற தீர்மானத்தின் முக்கியத்துவமும் கூடும். ஆபத்து பெருகும்போது பங்கீட்டின் அநீதியும் சேர்ந்தே பெருகுகின்றது. டித்வா அழித்தவற்றை உலகச் சந்தை அடுத்த ஒப்பந்தத்தில் ஓர் எண்ணாக எழுதும். அவ்வெண்ணை மட்டும் நம்பியிருக்கும் நாடு தன் மக்களின் காப்பைப் பிறர் கணக்கேட்டில் ஒப்படைத்ததாகும்.

நீர்நிலை அமைத்தலை அரசனின் தலையாய கடமையாக எடுத்துரைத்த குடபுலவியனாரின் பாடல் புறநானூற்றில் உண்டு. நீரைத் தேக்குதல் பற்றிய அச்சிந்தனை நம் மரபில் நெடிது வளர்ந்துள்ளது. தேக்கிய நீரை யார் நலன் கருதி, யாரைக் கேட்டுத் திறப்பது என்ற சிந்தனை அவ்வாறு வளரவில்லை. கிளிநொச்சிக் குடியேற்றத்தின் சமூக வரலாறும், வன்னியின் வாய்மொழி வழக்குகளில் வெள்ளம் பெறும் இடமும் தனித்தனியே விரிவாக ஆராயத்தக்கவை. அவ்வாய்வுகளை மேற்கொள்வோர், கட்டின்மீது நின்று குளத்தைப் பார்ப்பதோடு அமையாது, ஆற்றின் கீழ்ப்புறத்திலிருந்தும் அதனைப் பார்த்தல் வேண்டும்.